யானை நிக்குது

நிர்மலா ஒன்பது வருடம் லென்ஸுக்குக் கீழே உட்கார்ந்தவள். ஓசூர் சிப்காட்டில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி. கன்வேயரில் வரும் சர்க்யூட் போர்டை எடுத்து, விளக்கு வைத்த லென்ஸுக்கடியில் பிடித்து, பற்றவைத்த சால்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கெட்டதுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகப் போட வேண்டும். ஒரு போர்டுக்குப் பன்னிரண்டு வினாடி. ஒன்பது வருடத்தில் கண் போகவில்லை, கழுத்து போய்விட்டது. இடது கையில் டம்ளர் நிற்காமல் நழுவ ஆரம்பித்ததும் டாக்டர் சொன்னார்: இனி குனிந்தால் நான் பொறுப்பில்லை.

அதற்குப் பிறகு கிடைத்த வேலைதான் இது. மத்திகிரியில் பெயிண்ட் கடைக்கு மேலே ஒரு ரூம். பெங்களூரில் இருக்கும் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்திருந்தது. கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களின் மனநிலை பற்றி ஆய்வு. இருபத்து நான்கு பெண்களை உட்காரவைத்து, ஒவ்வொருத்தியிடமும் ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்திருந்தார்கள். பேட்டி எடுத்தவள் லாவண்யா. நாமக்கல் பக்கத்துப் பெண், இருபத்தெட்டு வயது, சைக்காலஜியில் பெரிய படிப்பு. நிர்மலாவுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும், தட்டச்சும் தெரியும். பதிவைக் கேட்டு ஒரு வார்த்தை விடாமல் தட்டச்ச வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து செய்யும் வேலை. அதுவே அவளுக்குச் சொர்க்கம்.

இருபத்து நான்கும் முடிந்த அன்று லாவண்யா ஒரு கட்டுத் தாளை அவள் முன்னால் வைத்தாள்.

"அக்கா, இனிமேதான் ஆட்டமே. இதெல்லாம் படிச்சு, ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்துல அது எதப் பத்தினதுன்னு ஒரு பேர் எழுதணும். தூக்கமில்ல, மாமியார் தொல்ல, சூப்பர்வைசர் திட்டு, அந்த மாதிரி. நான் தனியாப் போடுவேன். நீங்க தனியாப் போடணும். அப்புறம் ரெண்டையும் ஒத்துப் பாப்போம்."

"ஸ்டிக்கர் ஒட்டற வேலைதான் மேடம் இதுவும்."

"அப்படியே வெச்சுக்கங்க. ஆனா நாம ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசிக்கக் கூடாது. ராஜசேகர் சார் அடுத்த வெள்ளிக்கிழம வர்றாரு. எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு பாத்துட்டு, ரெண்டாவது ஆளா உங்களையே வெச்சுக்கலாமான்னு முடிவு பண்ணுவாரு. ஒரு வருஷத்து வேல அக்கா."

நிர்மலாவின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் நின்றது. ஒரு வருஷம். இல்லாவிட்டால் திரும்பவும் ஏதாவது கம்பெனி வாசலில், குனிகிற வேலைக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னாள். வீடு உத்தனப்பள்ளி. புருஷன் மாதேஷ் ரோஜாப் பண்ணையில் மருந்தடிக்கிறவன்.

"பாஸ் ஆயிடுவியா?" என்றான்.

"ஒன்பது வருஷம் பாஸ் ஆயிக்கினுதான வந்தேன்."

அது உண்மை. கம்பெனியில் மாதத்துக்கு ஒருமுறை சோதனைத் தட்டு வரும். ஐம்பது போர்டு. எது நல்லது எது கெட்டது என்று ஆபீஸில் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். லென்ஸில் உட்காருகிற ஒவ்வொருத்தியும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். தொண்ணூறுக்குக் கீழே வந்தால் சீட் போய்விடும், நின்றுகொண்டு செய்யும் லைனுக்குத் தள்ளிவிடுவார்கள். நின்றே எட்டு மணி நேரம் என்றால் கர்ப்பப்பை இறங்கும் என்று பெண்களுக்குள் பேச்சு. அதனால் ஒரு ஏற்பாடு இருந்தது. முதலில் பார்க்கிறவள் கைராசிக்காரியாக இருப்பாள். கெட்ட போர்டைத் தட்டில் திரும்ப வைக்கும்போது மூலையை ஒரு நூல் அளவு உள்பக்கம் திருப்பி வைப்பாள். அடுத்தவள் கை தட்டைத் தொட்டதும் தெரிந்துகொள்ளும். ஒருத்தி சீட்டையும் இன்னொருத்தி போக விட்டதில்லை. இதைத் திருட்டு என்று அவர்களில் யாரும் நினைத்ததில்லை. கைராசிக்காரி பெரும்பாலும் நிர்மலாதான்.

முதல் மூன்று நாள் அவள் நேர்மையாகத்தான் எழுதினாள். தனக்கென்று ஒரு நீள நோட்டு வாங்கி, அதில் எழுதிப் பார்த்துவிட்டுத் தாளில் ஏற்றலாம் என்று. நான்காம் நாள் மதியம் லாவண்யா சாப்பிடக் கீழே போனாள். மேசையில் அவளுடைய தாள்கள் திறந்து கிடந்தன. நிர்மலா ஒரு பக்கத்தைப் பார்த்தாள். தன் நோட்டைப் பார்த்தாள். பத்துக்கு ஐந்து ஒத்துப்போகவில்லை.

தொண்ணூறுக்குக் கீழே வந்தால் சீட் போய்விடும். அன்றிலிருந்து மூன்று மதியம், லாவண்யா கீழே போவாள், நிர்மலா அவளுடையதைப் பார்த்துத் தன் தாளில் எழுதுவாள். நோட்டில் மட்டும் தனக்குப் பட்டதையே எழுதி வந்தாள்.

வியாழக்கிழமை லாவண்யா இரண்டையும் ஒத்துப் பார்த்தாள். கால்குலேட்டரைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அவள் முகத்தில் சந்தோஷத்துக்குப் பதில் ஒரு சுருக்கம் விழுந்தது. தாள்களைப் புரட்டிக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"அக்கா, பதினொண்ணாவது பேட்டி. இவங்க கேன்டீன் இட்லி கல்லு மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. நீங்க 'மாமியார்'னு எழுதியிருக்கீங்க."

நிர்மலா எட்டி அந்த வரியைப் பார்த்தாள்.

"நான் அவசரத்துல ஒரு வரி தள்ளி எழுதிட்டேன். அது அடுத்த வரிக்கு. நீங்களும் அதே வரியில எழுதியிருக்கீங்க. இட்லியில எங்கக்கா மாமியார் வந்தாங்க?"

கீழே பெயிண்ட் கடையில் டப்பா குலுக்கும் மெஷின் தடதடவென்று ஓடி நின்றது. நிர்மலா எழுந்து, பையிலிருந்து நீள நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். சோதனைத் தட்டின் கதை முழுவதையும் சொன்னாள், மூலையைத் திருப்பி வைக்கும் விதத்தை ஒரு தாளை வைத்துச் செய்தும் காட்டினாள்.

"ஒத்துப்போகலன்னா வேல போயிடும்னு நெனச்சேன் மேடம். எங்க எடத்துல அப்பிடித்தான்."

லாவண்யா அந்தத் தாளின் மூலையை நேராக்கி வைத்தாள். பிறகு நோட்டைத் திறந்தாள். படிக்கப் படிக்க அவள் முதுகு நிமிர்ந்தது. ஒரு மணி நேரம் படித்தாள். திரும்பக் கணக்குப் போட்டதில் வந்தது ஐம்பத்து நான்கு.

"அக்கா, யானைக்கு என்ன எழுதியிருக்கீங்க இதுல?"

யானைதான் லாவண்யாவின் அறிக்கையில் பெரிய அத்தியாயம். 'பயணத்தில் உண்டாகும் பயம்' என்று தலைப்பே வைத்துவிட்டாள். இருபத்து நான்கு பேரில் ஒன்பது பேர் சானமாவு காட்டைத் தாண்டி வீட்டுக்குப் போகும்போது யானை வருவதைச் சொல்லியிருந்தார்கள். பதினொன்றாவது பேட்டிக்காரி பேச்சியம்மாள் சொன்னது எழுத்தில் இப்படி இருந்தது: 'யானை நின்னா வண்டி நின்னுரும். அப்படியே உக்காந்துருப்போம். வீட்டுக்கு எப்பம் போவோம்னே தெரியாது. நெஞ்சு படபடன்னு அடிக்கும்.' லாவண்யா அதன் பக்கத்தில் 'பயம்' என்று எழுதியிருந்தாள். நிர்மலாவின் நோட்டில் 'வண்டி நின்ன சந்தோஷம்' என்று இருந்தது.

"நெஞ்சு படபடங்கறாங்க. இதுல எங்க சந்தோஷம்?"

"நீங்க படிச்சீங்க மேடம். நான் கேட்டேன்."

நிர்மலா கம்ப்யூட்டரில் அந்த இடத்தைத் தேடிப் போட்டுக் காட்டினாள். பேச்சியம்மாள் 'படபடன்னு அடிக்கும்' என்று முடித்ததும் ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்து, மூக்கு வழியாக வெடித்து, இருமலில் போய் முடிகிற சிரிப்பு. பதினோரு வினாடி. தாளில் அது இல்லை. தட்டச்சுக்குக் கொடுத்த விதிகளில் நான்காவது: சிரிப்பு, இருமல், வெளிச்சத்தம் எழுத வேண்டாம்.

"பயத்துலயும் சிரிப்பாங்கக்கா," என்றாள் லாவண்யா. ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

வெள்ளிக்கிழமை ராஜசேகர் வந்தார். ஆய்வுக்குத் தலைவர். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்து, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்தவரிடம் லாவண்யா எதையும் மறைக்கவில்லை. தொண்ணூற்றேழையும் சொன்னாள், ஐம்பத்து நாலையும் சொன்னாள். சோதனைத் தட்டையும் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டுப் பேசினார்.

"நிர்மலா, ஐம்பத்து நாலு எனக்குப் பிரச்சனையே இல்ல. எங்க ஒத்துப்போகலையோ அங்கதான் எங்களுக்குச் சாப்பாடு. ஆனா பாத்து எழுதினீங்க பாருங்க, அதுதான் உறுத்துது. பெங்களூர்ல எம்.ஏ. படிச்ச ஒரு பொண்ணு இந்த வேலைக்குக் காத்திருக்கு. நான் யாருக்குக் குடுக்கறது?"

"நோட்டு என் கையெழுத்துதான் சார். பாக்காம எழுதினது."

"தெரியுது. அப்ப ஒண்ணு செய்ங்க. யானை பயமா, சந்தோஷமா? நீங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்து ஊகிக்க வேணாம். சொன்னவங்களையே போய்க் கேளுங்க. வர்ற வெள்ளிக்குள்ள எனக்குப் பதில் வேணும். நீங்க சொல்றதுல விஷயம் இருந்தா சீட் உங்களுக்கு. நாலாவது விதிய எழுதினது யாரு லாவண்யா?"

"நீங்கதான் சார்."

ராஜசேகர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

கேட்பது எளிதாக இல்லை. அந்தப் பெண்களுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் ஓவர்டைம். சாயங்காலம் கூப்பிட்டால் அடுப்பு. கடைசியில் பேச்சியம்மாள்தான் போனில் வழி சொன்னாள்.

"எம்மா, ஒங்களுக்குப் பேசணும்னா ரெண்டரை மணி ஷிப்ட் முடிஞ்சதும் எங்க வேனுக்கு வாங்க. நாங்க காசு போட்டு வெச்சிருக்க வேன்தான், கம்பெனி வேன் இல்ல. உத்தனப்பள்ளி வரைக்கும் ஒங்க காது ரெண்டும் என்கிட்ட."

பேச்சியம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷனோடு பிழைக்க வந்து பன்னிரண்டு வருடம். வாடகை குறைவு என்று உத்தனப்பள்ளியில் வீடு. பம்பு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறாள். உள்ளங்கை ரெண்டும் ரம்பம் மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை நிர்மலாவும் லாவண்யாவும் வேனில் ஏறினார்கள். ஏறிய லாவண்யா வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பதினோரு பெண்கள். அதில் ஒன்பது முகம் அவளுக்குத் தெரிந்த முகம். பேட்டியில் பெயரை எடுத்துவிட்டு எண் போட்டதால், யானை பற்றிச் சொன்ன ஒன்பது பேரும் ஒரே வேன்காரிகள் என்பது யாருக்கும் உறைக்கவே இல்லை. யார் யார் பேட்டி கொடுத்தார்கள் என்பது ஒருவருக்கொருவர் தெரியக்கூடாது என்று லாவண்யா பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

"நாங்க அன்னைக்கே எல்லாம் பேசிக்கிட்டோம்," என்றாள் பேச்சியம்மாள். "யாரு யாரு எவ்வளவு அழுதோம்ங்கற வரைக்கும். ஒக்காருங்க."

வேன் கிளம்பிய ஐந்தாவது நிமிடம் பதினோரு பேரும் தூங்கிப் போனார்கள். தலை ஜன்னலில் முட்ட முட்ட அந்தத் தூக்கம். உத்தனப்பள்ளி வந்ததும் யாரோ சுவிட்சைப் போட்டது மாதிரி எழுந்து, பையை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினார்கள். செவ்வாய்க்கிழமையும் அதேதான்.

புதன்கிழமை ஆகிவிட்டது. இன்றும் தூங்கினால் கேட்க வியாழன் ஒன்றுதான் மிச்சம். கேட்டு, அவர்கள் பயம் என்று சொல்லிவிட்டால் நிர்மலாவுக்குச் சீட்டே இல்லை. சாலை ஓரத்துக் கேழ்வரகுக் கொல்லைகள் அறுப்புக்கு நின்றன. சானமாவு காடு தொடங்கும் இடம் தாண்டி, ஒரு வளைவில் டிரைவர் ராமப்பன் வேனை ஓரங்கட்டி என்ஜினை அணைத்தார்.

பதினோரு பேரும் கண் விழித்தார்கள்.

லாவண்யா அடுத்த சீட்டின் கம்பியை இறுகப் பிடித்தாள். "வந்துருச்சா?" என்று கிசுகிசுத்தாள். நிர்மலாவும் எட்டி எட்டிப் பார்த்தாள். நல்ல வெயில். வெறும் ரோடு. ஒரு மொபெட்காரன் புல்லுக்கட்டோடு சாவகாசமாகப் போனான்.

வேனுக்குள் முதலில் நடந்தது போன் பேச்சு. பேச்சியம்மாள் புருஷனைக் கூப்பிட்டாள். "கேட்டியளா, சானமாவுல யானை நிக்கு. எப்பம் போவுமோ தெரியல. நீங்க சோத்த வடிச்சுருங்க." முன் சீட்டில் நாராயணம்மா, நிர்மலாவின் பக்கத்து வீட்டுக்காரி, பேட்டி கொடுக்காத இருவரில் ஒருத்தி, அதையே தெலுங்கில் மாமியாரிடம் சொன்னாள். பின்னாலிருந்து சென்னம்மா கன்னடத்தில் சொன்னாள், கூடவே குட்டி ஒன்றும் இருப்பதாகச் சேர்த்துக்கொண்டாள். மூன்று பாஷையில் யானை நின்று முடிந்ததும் போன்கள் பைக்குள் போயின. டிபன் சம்படம் திறந்தது. ஒரு பொட்டலம் வறுத்த கடலை கைமாறியது. ஒருத்தி செருப்பைக் கழற்றி எதிர் சீட்டில் காலை நீட்டினாள்.

லாவண்யா நிர்மலாவைப் பார்த்தாள். நிர்மலா லாவண்யாவைப் பார்த்தாள்.

"யானை எங்கக்கா?" என்றாள் லாவண்யா, பொதுவாக.

வேன் குலுங்கிய குலுங்கலில் ராமப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் கேட்ட அந்தச் சிரிப்பு இப்போது பதினோரு தொண்டையில் வந்தது.

"போன வருஷம் நெசமாவே நின்னுச்சும்மா," என்றாள் பேச்சியம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏழெட்டு யானை. முக்கா மணி நேரம். பயந்துதான் போனோம். அப்பறம் பாத்தா, எங்க ஒருத்திக்கும் நெஞ்சுல பாரம் இல்ல. வீட்டுல கேட்டாங்க, யானைன்னோம். ஒருத்தரும் ஒரு வார்த்த எதுத்துக் கேக்கல. ஓவர்டைம்னு சொன்னா சம்பளத்துல பாப்பாக. வண்டி ரிப்பேர்னா டிரைவர கேப்பாக. யானையப் போயி யாரு கேக்க முடியும், சொல்லுங்க."

"அப்புறம்?"

"அப்பறம் வாரத்துக்கு ரெண்டு நாள் யானை வர ஆரம்பிச்சுட்டு."

"இருவது நிமிஷம்," என்றார் ராமப்பன் பேப்பரிலிருந்து தலை தூக்காமல். "அதுக்கு மேல நின்னா நிஜமாவே வந்துரும்மா."

"பேட்டியில நெஞ்சு படபடன்னு அடிக்கும்னு சொன்னீங்களே," என்றாள் லாவண்யா. நோட்டு அவள் மடியில் திறந்தபடி இருந்தது, எழுதக் கை வரவில்லை.

"அடிக்காதா பின்ன? அந்நேரம் பாத்து அவுக சொந்தக்காரன் எவனாச்சும் இந்த ரோட்டுல வந்துட்டா?"

நிர்மலா தன் நோட்டை எடுத்துப் பார்த்தாள். 'வண்டி நின்ன சந்தோஷம்.' பாதி சரி. யானையே இல்லை என்பது ஒன்பது பேட்டியையும் காதால் கேட்ட அவளுக்கும் எட்டவில்லை. அதே ஊரில் இருந்துகொண்டு, போன மாதம் பக்கத்து வீட்டு நாராயணம்மா மாமியார் யானைக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தபோது அவளும் பயபக்தியோடு ஒரு சில் வாங்கித் தின்றிருக்கிறாள்.

"நான் உனுக்கு அப்பவே சொல்லலாம்னு பாத்தேன்," என்றாள் நாராயணம்மா. "நீ ஆபீஸ்காரி ஆயிட்ட. பயமாயிருந்துச்சு."

லாவண்யா ராஜசேகருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று நிர்மலா சைகை செய்தாள். லாவண்யா போட்டேவிட்டாள்.

"என்ன லாவண்யா, அங்க ஒரே சத்தமா இருக்கு?"

"சார், யானை நிக்குது."

மறுபடி வேன் குலுங்கியது. அவள் நடந்ததைச் சொல்லி முடித்தாள். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது.

"அப்ப ரெண்டு பேரும் தப்பு."

"நான் முழுத் தப்பு சார். அக்கா பாதிதான்."

"அந்தப் பாதி இல்லன்னா நாம பயம்னு அச்சடிச்சு, யானைக்கு வேலி போடச் சொல்லிப் பரிந்துரை எழுதியிருப்போம். நிர்மலா இருக்காங்களா? நிர்மலா, அந்த எம்.ஏ. பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்கறேன். நாளையிலேர்ந்து இருபத்து நாலு பேட்டியையும் மறுபடி கேட்டுச் சிரிப்ப எழுதுங்க. எத்தன வினாடின்னும் எழுதுங்க. நாலாவது விதிய அடிச்சாச்சு. இனிமே லாவண்யாவோட மேசைய நீங்க பாக்கக் கூடாது."

"பாக்க மாட்டேன் சார்."

"எய்யா, சாரே," என்று பேச்சியம்மாள் போனருகே குனிந்தாள். "இத எழுதிப் புத்தகமாப் போட்டுறாதீய. எங்க வீட்டுல எவனாச்சும் படிச்சா யானை செத்துச்சு."

அது நியாயமான கவலை. லாவண்யா ஊர் பெயர், காடு, வேன் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றாள். யானைக்குப் பதில் என்ன போடுவது என்று பதினோரு பேரும் யோசித்தார்கள். ரயில்வே கேட் என்றாள் ஒருத்தி. ரயில் போய்விடும், அதில் என்ன இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. மந்திரி வர்றார்னு போடுங்க, ரோட்டை மறிப்பாங்க என்றாள் சென்னம்மா. மந்திரியை நம்பி யாரும் சோறு வடிக்க மாட்டார்கள் என்று அதுவும் தள்ளுபடியானது. முடிவு எடுக்காமலே விட்டார்கள். பேச்சுக்குப் பக்கத்தில் எழுதும் பெயரை மட்டும் பேச்சியம்மாள் சொன்னாள்: 'நமக்குன்னு நிக்கிற வண்டி.' லாவண்யா ஒன்பது பேட்டிக்கும் அதையே எழுதிக்கொண்டாள். நிர்மலாவும் எழுதினாள். அந்த ஒரு இடத்தில் நூற்றுக்கு நூறு.

இருபது நிமிடம் ஆகிவிட்டது. ராமப்பன் பேப்பரை மடித்தார். சாவியைத் திருப்பப் போனவரை நிர்மலா நிறுத்தினாள்.

"அண்ணா, ஒரு ரெண்டு நிமிஷம்."

போனை எடுத்தாள். மாதேஷ் பண்ணையிலிருந்து வந்திருப்பான். நான்கு மணிக்கு அவனுக்கு டீ வைத்துத் தர வேண்டும், தண்ணீர் காய வைக்க வேண்டும். பதினோரு பேரும் கடலையை வாயில் போடாமல் அவளையே பார்த்தார்கள்.

"எங்க இருக்கற?" என்றான் மாதேஷ்.

"சானமாவுல. யானை நிக்குது."

"ஐயையோ. பெரிசா?"

நிர்மலா ஜன்னல் வழியாக வெறும் ரோட்டைப் பார்த்தாள். பேச்சியம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"பெரிசுதான். குட்டியும் கீது."

"எறங்கிடாத. உள்ளயே உக்காந்துக்கினு இரு. டீ நானே வெச்சிக்கறேன். உனக்கும் சேத்து வெக்கறேன்."

அவள் போனை வைத்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது.